ஒட்டு விட்ட இடத்தில் தண்ணீர் எப்போது நுழைந்தது?

ஒட்டு விட்டுப்போன படகுப் பலகை கையில் கிடைத்தால், யாரையும் திட்டுவதற்கு முன் பிரிந்த இரண்டு முகங்களையும் வெயிலில் சாய்த்துப் பாருங்கள். பிசினின் மேல் மரநார்கள் பிய்ந்து ஒட்டிக்கொண்டிருந்தால் ஒட்டு தன் வேலையைச் செய்திருக்கிறது. தாங்காமல் போனது மரம். பிசின் பளபளவென்று இருக்கிறது, மரத்தின் ரேகைகள் அச்செடுத்தது போல அதில் பதிந்திருக்கின்றன, ஆனால் ஒரு நார்கூட அதில் இல்லை என்றால் கதை வேறு. அந்தப் பிசின் மரத்தைப் பிடிக்கவே இல்லை. பக்கத்தில் படுத்திருந்தது, அவ்வளவுதான்.

கடலோரத்து ஈரக்காற்றில், வீட்டு முற்றத்திலும் மொட்டைமாடியிலும் ஆசையாகக் கட்டப்படும் ப்ளைவுட் படகுகளைச் சோதிப்பது இந்த இரண்டாவது வகை. கட்டியவரிடம் கேட்டால், கடல் தண்ணீர் உள்ளே போய் ஒட்டைப் பிரித்துவிட்டது என்பார். தண்ணீர் போனது உண்மைதான். ஆனால் பெரும்பாலும் அது படகைக் கடலில் இறக்கிய பிறகு போனதல்ல. ஒட்டிய அன்றைக்கே, காற்றிலிருந்தும் மரத்திலிருந்தும், பிசினுக்கு முன்பாகப் போய் இடம்பிடித்துக்கொண்டது.

இந்தப் படகுகளை ஒட்டும் பிசின் எபாக்சி. அது நமக்குப் புதிதல்ல. உடைந்த பீங்கான் தட்டையும் கழன்ற செருப்பையும் ஒட்ட, இரண்டு சிறு குழாய்களில் வரும் அரால்டைட் பல வீடுகளின் மேசை இழுப்பறையில் கிடக்கும். அந்தப் பெயருக்குப் பின்னால் மரமும் ஈரமும் கலந்த ஒரு பழைய கதை இருக்கிறது. இங்கிலாந்தில் கேம்பிரிட்ஜுக்கு அருகே டக்ஸ்ஃபோர்டில் நார்மன் டி புருய்ன் நடத்திய ஏரோ ரிசர்ச் நிறுவனம்தான் அரால்டைட்டை அறிமுகப்படுத்தியது. அதற்கு முன்பே, 1930-களில், ஏரோலைட் என்ற யூரியா ஃபார்மால்டிஹைட் பசையை அது விமானங்களுக்காக உருவாக்கியிருந்தது. இரண்டாம் உலகப் போரில் பறந்த டி ஹாவிலண்ட் மஸ்கிட்டோ பலகையாலும் பசையாலும் ஆன விமானம். முதலில் அதில் பயன்படுத்தியது பாலின் புரதத்திலிருந்து எடுத்த கேசின் பசை. பிறகுதான் செயற்கைப் பசைக்கு மாறினார்கள்.

1944 இறுதியில் இந்தியாவில் சில மஸ்கிட்டோக்கள் பறக்கும்போதே இறக்கை முறிந்து விழுந்தன. நவம்பரில் இங்கிருந்த மஸ்கிட்டோக்கள் அனைத்தையும் தரையிறக்கி நிறுத்தினார்கள். பழி உடனே பருவநிலையின் மேல் விழுந்தது: வெப்பமண்டல ஈரம் பசையைக் கரைத்துவிட்டது என்று. ஆராயப் போனவர்கள் கண்டது அவ்வளவு எளிதாக இல்லை. பாகங்கள் ஒன்றோடொன்று சரியாகப் பொருந்தாத இடங்களும், பசை பிடிக்காத இடைவெளிகளும் தொழிற்சாலையிலேயே உண்டாகியிருந்தன என்று அவர்களில் சிலர் வாதிட்டார்கள். ஈரத்துக்குப் பங்கே இல்லை என்று நான் சொல்ல வரவில்லை. ஏற்கெனவே இருக்கும் குறையைத்தான் ஈரம் தேடிப்பிடிக்கிறது. வீட்டில் கட்டும் படகுக்கும் இதுவே பொருந்தும்.

போருக்குப் பின் ப்ளைவுட்டும் செயற்கைப் பிசினும் சேர்ந்து, தச்சுத்தொழில் பழகாதவரையும் படகு கட்ட வைத்தன. 1963-இல் பிரிட்டனில் வெளிவந்த மிரர் என்ற சிறு பாய்மரப் படகு அதற்குப் பெயர்பெற்ற உதாரணம். ப்ளைவுட் தகடுகளை வெட்டி, விளிம்புகளில் துளையிட்டு, செம்புக் கம்பியால் தைத்து, தையலின் மேல் கண்ணாடி இழை நாடாவைப் பிசினில் தோய்த்து ஒட்டினால் படகு. தைத்துக் கட்டுவது என்றதும் நமக்குக் கேரளத்தின் கெட்டுவள்ளம் நினைவுக்கு வரும்; கட்டுமரமோ ‘கட்டு’ என்ற சொல்லைப் பெயரிலேயே வைத்திருக்கிறது. ஆனால் அவற்றில் கயிறுதான் கடைசிவரை சுமை தாங்குகிறது. கயிறு நனையலாம், நெகிழலாம், அவிழ்த்து மறுபடியும் கட்டலாம். புதிய முறையில் கம்பி ஒரு தற்காலிக ஏற்பாடு. அதை உருவிய பிறகு படகின் உயிர் முழுவதும் பிசினின் பிடியில். 1980-களில் கன்னியாகுமரி, திருவனந்தபுரம் கடற்கரைகளில் ப்ளைவுட் வள்ளங்கள் பரவியபோது, அலை மோதும் கரையில் தினமும் இழுத்து ஏற்றும் படகுக்கு இது தாங்குமா என்ற கேள்வி எழாமல் இருந்திருக்காது. பயிற்சி பெற்ற கைகள் பட்டறையில் கட்டிய படகுகள் அவை. தனி ஆள் வீட்டில் கட்டும்போது அந்தப் பட்டறையின் ஒழுங்கு இருப்பதில்லை.

எபாக்சியில் பிசின் ஒன்று, அதை இறுக வைக்கும் ஹார்டனர் ஒன்று. ஹார்டனரில் இருப்பவை அமீன்கள் என்ற வேதிப்பொருள்கள். பிசினின் மூலக்கூறுகளை அமீன்கள் வலைபோலப் பின்னிக் கட்டுவதால்தான் குழம்பு கல்லாகிறது. வண்ணம் காய்வதைப் போல இதில் எதுவும் ஆவியாகிப் போவதில்லை. இரண்டும் ஒன்றையொன்று முழுமையாகச் சந்திக்க வேண்டும். கலவை விகிதம் தவறினால் மிஞ்சிய பாகத்துக்குத் துணை கிடைக்காது. சீக்கிரம் இறுகட்டும் என்று ஹார்டனரைக் கொஞ்சம் கூட ஊற்றுவது, பாலியஸ்டர் பிசினில் பழகிய கையின் தவறு. அங்கே ஊற்றுவது வினையைத் தூண்டிவிடும் பொருள். இங்கே அது வினையின் பாதி.

இந்த அமீன்களுக்கு இன்னொரு சபலம் உண்டு. காற்றில் இருக்கும் கரியமில வாயுவோடும் நீராவியோடும் சேர்ந்து கார்பமேட் உப்புகளாக மாறிவிடும். ஹார்டனர் டப்பாவின் வாயைச் சுற்றி வெள்ளையாகப் பொருக்குத் தட்டியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அதே வினை படகின் மேல் பூசிய பிசினின் முகத்திலும் நடக்கிறது. விளைவு, மெழுகு தடவியது போன்ற பிசுபிசுப்பான மெல்லிய படலம். ஆங்கிலத்தில் இதை அமீன் பிளஷ் என்கிறார்கள். வெட்கத்தில் முகம் சிவப்பதற்கும் அதே சொல்தான்; நம் ஊரில் இதற்கு வியர்வை என்று பெயர் வைத்திருப்போம். சில சமயம் கண்ணுக்கே தெரியாது. ஈரக் கையால் தடவினால் சோப்புப் போல வழுக்கும்.

ஈரக்காற்று ஊரின் முதல் பொறி இதுதான். முதல் பூச்சு நன்றாக இறுகியது போல் இருக்கிறது. மறுநாள் அதன் மேல் இரண்டாவது பூச்சு அல்லது கண்ணாடி இழை. இரண்டுக்கும் நடுவே மெழுகுப் படலம் சிக்கிக்கொண்டது. கட்டியவர் கண்ணுக்குப் படகு கண்ணாடிபோல மின்னுகிறது. ஆறு மாதம் கழித்து இழைத்துணி தோல் உரிவது போல உரிகிறது. இன்னொருவருக்குப் பிசின் பிடித்துவிட்டது, ஆனால் மேலே அடித்த எனாமல் பெயின்ட் வாரக்கணக்கில் காயாமல் கையில் ஒட்டுகிறது. அவர் பெயின்ட் கடைக்காரரோடு சண்டைக்குப் போகிறார். பாவம் கடைக்காரர்.

இதைத் தீர்ப்பது எளிது, அதனாலேயே யாரும் நம்புவதில்லை. அந்தப் படலம் தண்ணீரில் கரையும். பாத்திரம் தேய்க்கும் பச்சை நாரை நல்ல தண்ணீரில் நனைத்துத் தேய்த்து, அந்தத் தண்ணீர் உலர்வதற்குள் சுத்தமான துணியால் ஒற்றி எடுத்துவிட வேண்டும். அதன் பிறகுதான் உப்புத்தாள். வரிசையை மாற்றி முதலிலேயே உப்புத்தாள் போட்டால் மெழுகு கீறல்களுக்குள் தேய்ந்து போகும்; தாளும் அடைத்துக்கொள்ளும். தின்னர் தொட்டுத் துடைப்பதும் அழுக்கை ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குப் பரப்புவதுதான். முன்யோசனை உள்ளவர்கள் கடைசிப் பூச்சு ஈரமாக இருக்கும்போதே அதன் மேல் ஒட்டாத வகை நைலான் துணி ஒன்றை விரித்துவிடுவார்கள். இறுகிய பின் துணியை உரித்தால் படலமும் அதோடு வந்துவிடும், அடுத்த பூச்சுக்குச் சொரசொரப்பான முகமும் கிடைக்கும். பூச்சு முழுதாக இறுகுவதற்குள், பிசுபிசுப்பாக இருக்கும்போதே அடுத்ததைப் போட்டுவிடுவது இன்னொரு வழி. அப்போது இரண்டு பூச்சுகளும் வேதிவினையாலேயே பிணைந்துவிடும். குளிர்நாட்டில் அதற்கு ஒரு நாள் அவகாசம் கிடைக்கலாம். நம் ஊரில் காலைச் சாப்பாட்டுக்கும் மதியச் சாப்பாட்டுக்கும் நடுவிலேயே அந்த நேரம் கடந்துபோகும்.

எபாக்சியால் மரப்படகு கட்டும் கலையை ஒழுங்குபடுத்தி எழுதியவர்களில் முதன்மையானவர்கள் அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்துக் கூஜன் சகோதரர்கள். பனி கொட்டும் ஊர். அங்கிருந்து வரும் அறிவுரைகளில் குளிரைப் பற்றிய கவலை அதிகம்: பட்டறையைச் சூடாக்கு, பிசினைச் சூடாக்கு, வேகமான ஹார்டனர் போடு. அவற்றை அப்படியே எடுத்துக்கொண்டு வேலை செய்கிறவருக்கு இங்கே ஒரு சிக்கல் காத்திருக்கிறது. அதைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும்.

மரத்துக்குள் நுண்குழல்களில் காற்று இருக்கிறது. வெயில் ஏற ஏறக் காற்று விரிந்து வெளியே வரும். அந்த நேரத்தில் பிசின் பூசினால் பூச்செங்கும் கொப்புளம், ஊசித்துளை. ஒவ்வொரு துளையும் நாளை தண்ணீருக்கு ஒரு வாசல். அதனால் வெப்பம் இறங்கும் நேரத்தில் பூசு என்கிறார்கள். மரம் குளிரும்போது உள்ளே காற்று சுருங்கி, பிசினையும் கூடவே உறிஞ்சிக்கொள்ளும். சரியான அறிவுரை. அப்படியானால் சாயங்காலம் ஆறு மணிக்கு, வேலை முடிந்து வந்து, கடற்காற்றில் ஆனந்தமாகப் பூசலாமா?

இங்கேதான் பனிநிலை குறுக்கே வருகிறது. காற்றில் உள்ள நீராவி எந்த வெப்பநிலையில் துளியாகப் படியத் தொடங்குமோ அதுவே பனிநிலை. பூசும் பரப்பு பனிநிலையைவிடக் குறைந்தது 3 டிகிரி செல்சியஸ் அதிகமாக இருக்க வேண்டும் என்பது பெயின்ட், பிசின் தொழிலில் எல்லோரும் கடைப்பிடிக்கும் கணக்கு. பிற்பகலில் 33 டிகிரி வெப்பம், 60 சதவீத ஈரப்பதம் என்றால் பனிநிலை ஏறக்குறைய 24. இடைவெளி 9 டிகிரி, கவலையில்லை. அதே நாள் இரவு வெப்பம் 27-க்கு இறங்கி ஈரப்பதம் 88 சதவீதம் ஆகிறது. பனிநிலை 25-ஐ ஒட்டி இருக்கும். இடைவெளி இரண்டே டிகிரி. திறந்த வானத்தின் கீழ் கிடக்கும் படகின் மேல்பரப்பு சுற்றுக் காற்றைவிடவும் குளிர்ந்துவிடும் என்பதால் அந்த இரண்டும் மிஞ்சாது. மாலையில் பூசிய பிசின் இறுகுவதற்கு முன்பே பனி அதன் மேல் இறங்குகிறது. காலையில் போய்ப் பார்த்தால் பால்போல வெளுத்துக் கிடக்கும்.

ஆக, கொப்புளத்துக்குப் பயந்து மாலைக்குப் போனால் பனி பிடிக்கிறது. பனிக்குப் பயந்து காலைக்கு வந்தால் கொப்புளம் பிடிக்கிறது. இதற்கு நான் ஒப்புக்கொள்ளும் வழி ஒன்றுதான். பலகையை நிழலில் நன்றாகச் சூடேற விட்டு, பகல் வெப்பம் உச்சத்தைத் தொட்டு இறங்கத் தொடங்கும் இரண்டு, மூன்று மணி அளவில் பூசுவது. இருட்டுவதற்குள் பூச்சு தொட்டால் ஒட்டாத பக்குவத்துக்கு வந்துவிடும்படி ஹார்டனரைத் தேர்ந்தெடுப்பது. வெயில் ஊருக்கென்றே மிக மெதுவான ஹார்டனர் விற்கிறார்கள். பெரிய பரப்புகளுக்கு அது வேண்டியதுதான், ஏனென்றால் வெப்பம் 10 டிகிரி கூடினால் வினையின் வேகம் ஏறக்குறைய இரட்டிப்பாகும். கலக்கிய டப்பா கையிலேயே கொதித்துப் புகையும். ஆனால் மெதுவாக இறுகும் பிசின் அதிக நேரம் ஈரக்காற்றைப் பார்த்துக்கொண்டே படுத்திருக்கிறது. சின்ன வேலைக்கு நடுத்தர வேக ஹார்டனரே போதும். கொஞ்சம் கொஞ்சமாகக் கலக்கி, டப்பாவில் வைத்திருக்காமல் உடனே அகலமான தட்டில் ஊற்றிப் பரப்பிவிட்டால் கொதிப்பும் அடங்கும்.

மழைநாளில் தார்ப்பாய்க்குள் அடுப்பு மூட்டிப் படகை உலர்த்தப் பார்ப்பவர்களும் உண்டு. எரியும் வாயுவிலிருந்து வருவது கரியமில வாயுவும் நீராவியும். மெழுகுப் படலத்துக்குத் தேவையான இரண்டு சரக்கையும் வீட்டுக்கே கொண்டுவந்து இறக்குகிற வேலை அது.

இனி மரம். ஒட்டுவதற்கு ஏற்ற ஈரம் 8 முதல் 12 சதவீதம் என்பது எபாக்சிக்காரர்களின் கணக்கு. மரம் தன்னைச் சுற்றியுள்ள காற்றோடு சமாதானம் செய்துகொள்ளும் பொருள். நம் வெப்பத்தில் காற்றின் ஈரப்பதம் 65 சதவீதமாக நிலைத்தால் மரத்தின் ஈரம் 12-ஐ ஒட்டி நிற்கும். 80 சதவீதமானால் 16. 90-ஐத் தொட்டால் 20 அளவுக்குப் போய்விடும். வடகிழக்குப் பருவமழையின்போது கொட்டகையில் அடுக்கி வைத்த பலகை, கடைக்காரர் காய்ந்தது என்று சத்தியம் செய்தாலும், காய்ந்ததல்ல. அவர் பொய் சொல்லவில்லை. மேசை நாற்காலிக்கு அது காய்ந்த மரம்தான்.

கருவி இல்லாமலே இதை அளக்கலாம். பலகையின் ஓரத்திலிருந்து அல்ல, நடுவிலிருந்து ஒரு துண்டு வெட்டிச் சமையலறைத் தராசில் எடை போடுங்கள். ஓவனில் 100 டிகிரிக்குச் சற்று மேலே வைத்து, எடை இனியும் குறையாது என்கிற வரை உலர்த்துங்கள். 116 கிராம் துண்டு 100 கிராமில் நின்றுவிட்டால் ஈரம் 16 சதவீதம். ஓவனை எதற்குப் பயன்படுத்துகிறீர்கள் என்று வீட்டில் கேள்வி வரும். அதற்குப் பதிலை முன்கூட்டியே தயார் செய்துகொள்ளுங்கள்.

ஈரமான மரத்தில் இரண்டு கேடு. நுண்குழல்களில் ஏற்கெனவே தண்ணீர் குடியிருப்பதால் பிசின் ஆழமாக இறங்கிப் பற்ற முடியாது என்பது ஒன்று. மரம் பிற்பாடு சுருங்கும் என்பது இன்னொன்று. 100 மில்லிமீட்டர் அகலத் தேக்குப் பலகையே, ஈரம் 18 சதவீதத்திலிருந்து 12-க்கு இறங்கும்போது வெட்டின் திசையைப் பொறுத்து ஒரு மில்லிமீட்டருக்கும் மேல் ஒடுங்கக்கூடும். தேக்கு அடக்கமான மரம். மற்றவை இன்னும் ஆடும். இறுகிய பிசின் ஒடுங்காது. இழுபறி முழுவதும் ஒட்டின் கோட்டில் விழுகிறது. போதாததற்கு, ஈரமான மரத்தைச் சுற்றிலும் எபாக்சி பூசி மூடிவிட்டால் அந்த ஈரம் வெளியேற வழியில்லாமல் உள்ளேயே கிடக்கும். 20 சதவீதத்துக்கு மேல் போனால் பூஞ்சைக்கு வாழ்வு. வெளியே பார்த்தால் வார்னிஷ் மின்னும் படகு. உள்ளே இற்றுப்போன கட்டை.

தேக்கைப் பற்றி இன்னொன்று. படகுக்குத் தேக்கு என்று நம் மனதில் பதிந்திருக்கிறது. அதைக் கரையானும் கடலும் எளிதில் தின்னாததற்குக் காரணமான அதே எண்ணெய்ப்பசைதான் பிசினையும் தள்ளி நிறுத்துகிறது. புதிதாக இழைத்த முகத்தை அசிட்டோனால் துடைத்து, எண்ணெய் மறுபடி மேலே வருவதற்குள் ஒட்ட வேண்டும். இதிலும் ஈரக்காற்று ஒரு குறும்பு செய்யும். அசிட்டோன் நொடியில் ஆவியாகும்போது மரத்தின் முகத்தைச் சில்லிட வைக்கும். பனிநிலைக்குக் கீழே இறங்கினால் காற்றின் நீராவி அங்கேயே படியும். எண்ணெயைத் துடைத்துவிட்டுத் தண்ணீரைப் பூசியதாக ஆகும். ஒரு நிமிடம் பொறுத்து, உலர்ந்த துணியால் ஒற்றிவிட்டு ஒட்டுவது நல்லது. குனிந்து வேலை செய்கிறவரின் நெற்றியிலிருந்து சொட்டும் வியர்வையையும் இந்தக் கணக்கில் சேர்க்க வேண்டும். தலையில் துண்டு கட்டிக்கொண்டு வேலை செய்யும் ஆசாரிமார்களுக்கு இதையெல்லாம் யாரும் சொல்லிக் கொடுக்கத் தேவையில்லை.

ஒட்டுவதிலும் ஒரு பழக்கம் மாற வேண்டும். தச்சுவேலையில் கிளாம்ப்பை எவ்வளவு இறுக்குகிறோமோ அவ்வளவு நல்லது. எபாக்சிக்கு அது ஆகாது. பிசின் முழுவதும் பிதுங்கி வெளியேறி, ஒட்டு பட்டினி கிடக்கும். முதலில் சிலிக்காப் பொடி கலக்காத இளகிய கலவையை இரு முகங்களிலும் தடவி மரம் குடிக்க விட வேண்டும், அதன் பிறகு பொடி கலந்து கெட்டியாக்கியதைப் பூசி, ஓரங்களில் லேசாகப் பிதுங்கும் அளவுக்கு மட்டும் அழுத்த வேண்டும்.

எல்லாப் பழியும் எபாக்சியைச் சேராது. ப்ளைவுட்டின் அடுக்குகளே பிரிந்திருக்கலாம். இந்தியாவில் மரைன் ப்ளைவுட்டுக்கான தரம் ஐ.எஸ். 710. அந்த எண் இப்போது சமையலறை அலமாரி செய்பவர்களின் வாயிலும் புழங்குகிறது, முத்திரையைக் குத்துவதும் கடினமல்ல. ஒரு துண்டை வெட்டிச் சில மணி நேரம் கொதிக்க வைத்து, உலர்த்தி, மறுபடியும் கொதிக்க வைத்துப் பாருங்கள். அடுக்குகள் வாய் பிளந்தால் அதைப் படகுக்குக் கொண்டுவராதீர்கள்.

வெயிலும் ஒரு கை பார்க்கும். வீட்டுச் சூட்டில் இறுகும் எபாக்சிகளில் பல, 50 முதல் 60 டிகிரிக்குள்ளேயே விறைப்பை இழந்து ரப்பர்போல நெகிழத் தொடங்கும். நடுப்பகலில் கருநீல மேல்தளம் அதைத் தாண்டிச் சுடும். சுமையில் இருக்கும் ஒட்டு அப்போது ஓசையில்லாமல் நகர்ந்து கொடுக்கும். அடுத்த மழையில் அந்த நகர்வில் தண்ணீர் இறங்கும். வெள்ளையோ இளம்நிறமோ அடிப்பது அழகுக்காக மட்டுமல்ல.

பிரிந்த ஒட்டைச் சரிசெய்ய வரும்போது அவசரம்தான் பெரிய எதிரி. விரிசலுக்குள் புதுப் பிசினை ஊசியால் ஏற்றிவிட்டால் போதும் என்று தோன்றும். ஆனால் கடலில் ஓடிய படகின் விரிசலில் ஈரம் மட்டும் இல்லை, உப்பும் இருக்கிறது. உப்பு காற்றிலிருந்து நீரை இழுத்துக்கொண்டே இருக்கும். பெட்டியில் வைத்த கல்லுப்பு மழைக்காலத்தில் கசிவதைப் போல. அதனால் உலர்த்துவதற்கு முன் நனைக்க வேண்டும். அந்த இடத்தின் பூச்சைச் சுரண்டி மரத்தைத் திறந்து, நல்ல தண்ணீரால் பல தடவை கழுவி உப்பை வெளியேற்றி, பிறகு நிழலில் காற்றோட்டமாகப் போட்டுவிட வேண்டும். பூச்சைச் சுரண்டாத பக்கம் உலரவே உலராது. ஐப்பசியில் பிரிந்த படகு என்றால், தை பிறக்கும் வரை அதைக் கவிழ்த்துப் போட்டுவிட்டு, வெட்டி எடுத்த துண்டை அவ்வப்போது தராசில் வைத்துப் பார்த்துக்கொண்டிருக்கலாம். எடை இறங்குவது நின்ற பிறகு பிசின் டப்பாவைத் திறந்தால் போதும்.